பயாஸில் 1.35, லோடில் 1.27: எந்த வோல்டேஜை நம்புவது?

பிராசஸர் வோல்டேஜை பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) மேனுவலாக 1.35 வோல்ட் வைத்தும், லோடு (பிராசஸரின் வேலைப்பளு) ஏறினால் விகோர் (பிராசஸர் கோர்களுக்கு உண்மையில் போய்ச்சேரும் வோல்டேஜ்) 1.27-க்கு இறங்குகிறது, விஐடி என்ற அளவு மட்டும் 1.40 காட்டுகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், இது மதர்போர்டு கோளாறு இல்லை.

முதலில் விஐடியை ஒதுக்கிவையுங்கள். அது அளந்த மதிப்பே இல்லை. அந்த வேகத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று பிராசஸர் கேட்கும் அளவு. நீங்கள் மேனுவலாகப் பூட்டிவிட்டதால் போர்டு அதைக் கண்டுகொள்வதில்லை.

விகோர் இறங்குவதற்குப் பெயர் விட்ரூப். கரண்ட் கூடும்போது வோல்டேஜ் குறையும்படி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும்; அது எல்லை மீறாமலிருக்க இந்த இடைவெளி தேவை. லோட் லைன் கேலிப்ரேஷனை (இந்தச் சரிவை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) உச்சத்தில் வைத்தால் சரிவு மறையும், ஆனால் துள்ளல் பெரிதாகும். சாஃப்ட்வேர் அதைக் காட்டாது, ஆசிலோஸ்கோப்பில்தான் (வோல்டேஜ் மாற்றத்தை அலையாக வரைந்து காட்டும் கருவி) தெரியும். அதனால் நடு நிலையில் வைப்பதே நல்லது. (நிலைகளின் எண் வரிசை சில போர்டுகளில் தலைகீழாக இருக்கும், மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.)

அப்புறம், முழு லோடில் ஸ்டெபிலிட்டியைத் தீர்மானிப்பது அந்த 1.27தான். அதிலேயே கிராஷ் இல்லாமல் ஓடினால் எதையும் ஏற்ற வேண்டாம். கிராஷ் ஆனால் 0.01 வோல்ட் கூட்டி, வெப்பத்தையும் கவனித்துக்கொண்டே மறுபடி சோதியுங்கள்.