முடக்குவாதம் முற்றினால் பக்கவாதம் வருமா?

நம் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கும் வேலை, ஒன்பது வருடமாக முடக்குவாதம். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார், கூடவே ஃபோலிக் ஆசிட். வலி தாங்க முடியாத நாளில் மெடிக்கலில் சொல்லி ஏதோ ஒரு வலி மாத்திரை. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவருக்கும் இதே நோய், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அதிலிருந்து அம்மாவுக்குப் பயம். "இந்த வாதம் முத்தித்தான் அந்த வாதம் வரும், இந்த இங்கிலீஷ் மருந்தாலதான் எல்லாம்" என்று சொல்லி மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டார், மூன்று வாரம் ஆகிறது. இது உண்மையா, ஆஸ்பிரின் போட ஆரம்பிக்கலாமா, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த மூன்று வாரத்தைப் பார்ப்போம். அம்மா நிறுத்தியிருப்பது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாத்திரையை. நிறுத்த வேண்டியது பெரும்பாலும் அந்த மெடிக்கல் மாத்திரையைத்தான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நாளைக்கே பேசுங்கள், ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். விட்டுப்போன மூன்று வார மாத்திரையைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

இப்போது பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். நம் மொழியில் மூட்டு முடங்கினாலும் வாதம், ஒரு பக்கம் இழுத்தாலும் வாதம், போலியோவுக்கும் இளம்பிள்ளை வாதம் என்றுதான் பெயர். அதனால் ஒன்று முற்றி இன்னொன்றாக மாறும் என்று நினைப்பது இயல்பு. அப்படி மாறுவதில்லை. முடக்குவாதம், சரவாங்கி என்றும் சொல்வோம், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய். பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது அல்லது வெடிப்பது. இரண்டும் தனித்தனி நோய்கள்தான், ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் 2009 முதலே, வழக்கமான கணக்கில் வரும் இதய ஆபத்தை இந்த நோயாளிகளுக்கு 1.5 ஆல் பெருக்கிப் பாருங்கள் என்று சொல்லிவருகிறார்கள்.

ஒன்றரை மடங்கு என்றதும் பதறிவிடாதீர்கள். புரிவதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன்: உங்கள் அம்மா வயதுப் பெண்கள் 100 பேரில் பத்து வருடத்தில் நாலு பேருக்கு இப்படி ஏதாவது வரும் என்று வைத்தால், முடக்குவாதம் உள்ள 100 பேரில் ஆறு பேருக்கு வரும், மீதி 94 பேருக்கு வராது. ஆனால் அந்த ஆறில் ஒருவராக அம்மா ஆகாமல் பார்த்துக்கொள்ள நிறைய வழி இருக்கிறது, இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

ஏன் கூடுகிறது? மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறதே, அந்த அழற்சி மூட்டோடு நின்றுவிடுவதில்லை. டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 மாதிரியான ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. ஈரல் அதைப் பார்த்துத்தான் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தை உற்பத்தி செய்கிறது, உங்கள் லேப் ரிப்போர்ட்டில் அம்மாவுக்கு எத்தனை என்று பார்த்திருப்பீர்கள். ரத்தக்குழாயின் உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் அழற்சி இருந்தால் அது பழுதாகி, கொழுப்பு அதில் எளிதாகப் படிகிறது, படிந்த கொழுப்பின் மேல்தோல் மெலிந்து உடைகிறது, உடைந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டி கழுத்துக் குழாயிலிருந்து மேலே போனால் மூளையில் அடைப்பு. இன்னொரு வழியும் உண்டு. இந்த நோயாளிகளில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள், கொஞ்சம் அதிகம். 2012இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில் அது சுமார் 40 சதவீதமும் பக்கவாதம் சுமார் 30 சதவீதமும் கூடுதலாக இருந்தன. துடிப்பு தாறுமாறாகும்போது இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தத் துண்டு நேராக மூளைக்கே போய்விடலாம்.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது, படித்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். மூட்டுநோய் முழு வேகத்தில் இருக்கும்போது கெட்ட கொழுப்பான எல்டிஎல் அளவு குறைவாகக் காட்டும், ஆபத்தோ கூடுதலாக இருக்கும். "கொலஸ்ட்ரால் நார்மல்தான் டாக்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள், விரல்களைப் பார்த்தால் கணு ஒவ்வொன்றும் வீங்கியிருக்கும். நோய் அடங்கிய பிறகு எடுத்துப் பார்க்கிற அளவுதான் நம்பத் தகுந்தது.

அப்படியானால் மெத்தோட்ரெக்ஸேட் எங்கே வருகிறது? அது மூட்டு அழற்சியை அடக்குகிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் இதை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவாக வருவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மூட்டுநோய் இல்லாத இதய நோயாளிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துச் சோதித்தபோது, 2018இல் முடிவு வந்தது, பலன் இல்லை. எனவே இது பக்கவாத மருந்து என்று நான் சொல்லவில்லை. மூட்டுநோய் அடங்கினால் குழாய்க்கும் நிம்மதி என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற இடம், அந்த மெடிக்கல் மாத்திரை. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும், அல்லது எட்டோரிகாக்சிப். இரண்டுமே பிபியைக் கூட்டும், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தையும் கூட்டும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள், காரணம் மாரடைப்பும் பக்கவாதமும்தான். பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவர் எட்டோரிகாக்சிப் சாப்பிடக் கூடாது, ஒருமுறை பக்கவாதம் வந்தவர் டைக்ளோஃபெனாக் பக்கமே போகக் கூடாது. டாக்டர் சொல்லி, குறைந்த அளவில், சில நாளைக்கு மட்டும் என்றால் அது வேறு. வருடக்கணக்கில் அட்டை அட்டையாக வாங்கி விழுங்குவது தப்பு, மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்கு சிறுநீரகமும் கெடலாம். வலி மாத்திரை அடிக்கடி தேவைப்படுகிறது என்றாலே நோய் அடங்கவில்லை என்று அர்த்தம், நோயை அடக்கும் மருந்தைத்தான் டாக்டர் மாற்றியமைக்க வேண்டும்.

பெயர் எழுதாத வெள்ளைக் கவரில் தரும் மாத்திரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதைப் போட்டா ஒரு மணி நேரத்துல கை நல்லா மடங்கும்" என்று அம்மா சொன்னால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் கணக்காகக் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வரும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், கணக்கில்லாமல் சாப்பிட்டால் பிபி, சர்க்கரை, எடை மூன்றும் ஏறும், மூன்றுமே பக்கவாதத்துக்கு வாசல். ஆனால் பல மாதமாகச் சாப்பிட்டுவிட்டு இதைப் படித்ததும் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென்று பிபி இறங்கி விழுந்துவிடலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்குப் புதிதாக வந்த டோஃபாசிட்டினிப் மாத்திரை பற்றியும் ஒரு வரி. நன்றாக வேலை செய்யும், ஆனால் 50 வயது தாண்டி, பிபியோ சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருப்பவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் சற்றுக் கூடுவதாக 2021, 2022இல் எச்சரிக்கை வந்தது. யாராவது அம்மாவுக்கு எழுதினால் வயதையும் பிபியையும் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்பிரின் வேண்டாம், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இதுவரை பக்கவாதமோ மாரடைப்போ வராதவருக்கு அதனால் கிடைக்கும் நன்மை சொற்பம், ஏற்கெனவே வலி மாத்திரையால் புண்ணான வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

அதைவிடப் பெரிய மருந்து பிபியை அளப்பது. பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்த அழுத்தம்தான், மூட்டுநோயெல்லாம் அதற்குப் பிறகுதான். மூட்டு வலிக்காக மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம்கூட பிபியை யாரும் அளந்திருக்கமாட்டார்கள், எல்லார் கண்ணும் விரல் மேலேயே இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் மேல்கையில் சுற்றும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அம்மாவின் மணிக்கட்டே வீங்கியிருக்கும். டீ குடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் அளக்க வேண்டும். 140/90க்குக் கீழே கட்டாயம், பலருக்கு 130/80க்குக் கீழே வைக்கச் சொல்வோம். கருவாடு, ஊறுகாய், பப்படம் குறைந்தால் உப்பு குறையும். சாளை மீனும் அயிலை மீனும் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிடட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் விட வேண்டும். அளந்து முடித்ததும் அம்மாவின் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். சுவர்க் கடிகாரம் போலச் சீராக இருந்தால் சரி. ஒன்று முந்தி ஒன்று பிந்தி, ஒழுங்கே இல்லாமல் அடித்தால் இசிஜி எடுங்கள்.

இனி, வந்துவிட்டால் எப்படித் தெரியும்? முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். மூட்டுநோய் உள்ள வீட்டில் இதில் ஒரு சிக்கல். இரண்டு கையையும் தூக்குங்கள் என்றால் தோள் வலியால் அம்மாவுக்கு எப்போதுமே ஒரு கை பாதிதான் எழும். டம்ளர் கை நழுவினாலும் "அவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள், அப்படி ஐந்து மணி நேரம் வீணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நேற்றோடு ஒப்பிடுங்கள். மூட்டுநோயின் பலவீனம் நாள்கணக்கில், வலியோடு வரும். பக்கவாதம் பெரும்பாலும் நொடியில், வலியே இல்லாமல் வரும். சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், மூட்டுநோய் வாயைக் கோணலாக்காது, நாக்கைக் குழறவைக்காது. இரவில் கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது, முடக்குவாதத்தில் சாதாரணம், பயப்பட வேண்டாம்.

கழுத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருட முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் நிறைய, தடவலுக்கும் எண்ணெய்க்கும் போவது நமக்குப் பழக்கம். கை கால் தடவலை நான் தடுக்கவில்லை, ஆனால் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். தண்டுவடம் நசுங்கலாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரலாம். கழுத்தைக் குனிந்தால் ஷாக் அடித்த மாதிரி முதுகில் இறங்குகிறது, இரண்டு கையும் மரக்கிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அதுவும் அவசரம்தான்.

சந்தேகம் வந்தவுடன் 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நமக்கு இருப்பது நாலரை மணி நேரம்தான், அதுவும் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து எண்ணப்படும், அதனால் அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், ஆஸ்பிரினும் கூடாது, அடைப்பா கசிவா என்று சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பக்கத்துப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி, எதுவானாலும் ராத்திரியிலும் சிடி உண்டா, அந்த ஊசி போடுவார்களா என்று விசாரித்து நம்பரைக் கதவில் ஒட்டுங்கள். திருவனந்தபுரம்தான் போக வேண்டும் என்று மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் ஒன்றரை மணி நேரத்தைத் தொலைப்பதைவிட, ஊசி பக்கத்திலேயே கிடைக்குமானால் அதை முதலில் போட்டுவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புவதுதான் நல்லது. முகமோ பேச்சோ பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டாலும் போக வேண்டும், அது பெரியது வரப்போவதன் முன்னறிவிப்பு.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பயம்தான் கூடும். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் பல் பிரஷ்ஷை இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்று மட்டும் தினமும் கேட்டு, காலண்டரில் பிபியோடு சேர்த்து எழுதிவையுங்கள். அரை மணிக்கு மேல் போகிற நாட்கள் கூடினால் நோய் அடங்கவில்லை. டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாள், மெடிக்கலில் வாங்கிய அட்டைகள், வெள்ளைக் கவர் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டிவிடுங்கள்.