கடை போனும் குரூப் 4 படிப்பும்

ஐயா, வணக்கம்.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ். அந்த நேரத்தில் குரூப் 4-க்குப் படிக்கலாம் என்று போனை எடுப்பேன். செக்கானூரணி வருவதற்குள் ஷார்ட்ஸில் இருப்பேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதால் அணைத்து வைக்கவும் முடியாது. டைமர் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. பேசாமல் பட்டன் போனுக்கு மாறிவிடலாமா?

க., உசிலம்பட்டி

அன்புள்ள க.,

பட்டன் போன் வேண்டாம். ஆர்டரும் ஜிபேயும் ஸ்மார்ட்போனில் இருக்கும்வரை இரண்டையும் சுமக்கத்தான் போகிறீர்கள். டைமர் நிற்காததில் ஆச்சரியமில்லை. நேரம் முடிந்தால் ஆப் மூடிக்கொண்டு ஐகான் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். செட்டிங்ஸுக்குள் போய் எடுத்துவிட அரை நிமிடம் ஆகாது. டைமர் இருக்கும் அதே டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தில், எந்த ஆப் ஒரு நாளில் எத்தனை நோட்டிபிகேஷன் அனுப்பியது என்ற கணக்கும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அது. மேலே நிற்பவற்றில் கடைக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லாதவற்றின் வாயை முதலில் அடையுங்கள்.

முடிச்சு இருப்பது வாட்ஸ்அப்பில். ஆர்டர் பார்க்கத் திறக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே சொந்தக்காரர்கள் குரூப், அதில் ஒரு வீடியோ லிங்க், தொட்டால் யூடியூப். கடைக்காரரிடம் சொல்லி ஆர்டருக்குத் தனி எண் வாங்குங்கள். இரண்டு சிம் போனில் அந்த எண்ணை வாட்ஸ்அப் பிசினஸில் போடலாம், உங்கள் எண் வழக்கமான வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். பிறகு டிஜிட்டல் வெல்பீயிங்கில் உள்ள ஃபோகஸ் மோடில் வழக்கமான வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் மூன்றையும் சேர்த்து, பஸ் நேரத்துக்கும் கடை நேரத்துக்கும் அட்டவணை போட்டுவிடுங்கள். ஆர்டரும் போன் காலும் வரும், மற்றவை வராது. (சில கம்பெனி போன்களில் இதற்கு வேறு பெயர் இருக்கும்.) தனி எண் கிடைக்காவிட்டால் குரூப்களை ஆர்க்கைவ் செய்யுங்கள். சாட் செட்டிங்ஸில் 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு' ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் புது மெசேஜ் வந்ததும் குரூப் மறுபடி மேலே ஏறிவிடும்.

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023-லிருந்து, ஹிஸ்டரி இல்லாதவர்களுக்கு முகப்பில் சிபாரிசு வீடியோக்கள் வருவதில்லை, தேடினால்தான் கிடைக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு: பாதியில் விட்ட வகுப்பு அதே இடத்திலிருந்து தொடங்காது. எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கச் சிலர் சொல்வார்கள். சரக்கு போட்டோ பார்த்து ஆர்டர் எடுப்பவருக்கு அது சரிப்படாது.

இனி படிப்பு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி வையுங்கள். ஆனால் பஸ்ஸில் படிக்காதீர்கள். முழுப் பக்கம் கைத்திரைக்குள் சுருங்கினால் எழுத்து பொடியாகும். பெரிதாக்கினால் வரிக்கு வரி இழுக்க வேண்டும். குலுங்கும் வண்டியில் பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். உடனே விரல் வேறு ஆப்பைத் தேடும். பஸ்ஸில் காதுக்கு வேலை கொடுங்கள்.

இரவில் ஒரு பாடத்தை எடுத்து, போனில் உள்ள ரெக்கார்டரில் உங்கள் குரலிலேயே கேள்வி பதிலாகப் பதியுங்கள். "மணிமேகலையை இயற்றியவர்?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று நான்கு எண்ணி, "சீத்தலைச் சாத்தனார்". அந்த இடைவெளிதான் முக்கியம். அதில்தான் நீங்கள் பதிலைத் தேடுகிறீர்கள். இடைவெளி விடாமல் பதிந்தால் பாட்டு கேட்பதுபோல் ஓடிவிடும். ஒரு பதிவு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், ஃபைலுக்குப் பாடத்தின் பெயரையே வையுங்கள். 'புது ரெக்கார்டிங் 14' என்று கிடந்தால் தேடுவதற்குள் செக்கானூரணி வந்துவிடும். பஸ் ஏறியதும் போட்டுவிட்டு, திரையைப் பூட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரை அணைந்தாலும் பதிவு ஓடும். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் தமிழிலிருந்தே தொடங்குங்கள். கணக்கு இந்த முறைக்கு ஒத்துவராது, அதற்குத் தாளும் பேனாவும் வேண்டும்.

மாதிரித் தேர்வை மட்டும் ஆப்பில் எழுதிப் பழகாதீர்கள். அங்கே தொட்டதும் சரியா தவறா என்று காட்டிவிடும். தேர்வு அறையில் கறுப்புப் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப வேண்டும், அதற்கே நேரம் போகும். ஞாயிற்றுக்கிழமை நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் ஒரே இருப்பாக எழுதிப் பாருங்கள். மணி பார்க்கப் போனை எடுக்காமல் இருக்க, கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு போங்கள்.