ஈசிஜி நேரம் மைனஸில் வந்தால்

நெஞ்சுவலியோடு வந்தவர்களுக்குப் பதிவு போட்டதிலிருந்து எத்தனை நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்கள் என்ற உங்கள் ஆய்வுக் கணக்கில் சில வரிசைகள் மைனஸில் வருகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மைனஸ் வரிசைகளை அழிக்காதீர்கள். நெஞ்சுவலிக்காரர் பதிவு போடும் முன்பே ஈசிஜி எடுத்ததாக உங்கள் எக்செல் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் மெஷின் கடிகாரம் பின்தங்கியிருக்கும்.

மெஷின், பதிவுக் கவுண்ட்டர் கணினி, இரண்டையும் செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். மெஷின் 7 நிமிடம் பின்னால் இருந்தால், நிஜத்தில் 14 நிமிடம் ஆன ஈசிஜி 7 என்று பதிவாகி, நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்ற வரம்புக்குள் வந்துவிடும். ஆபத்து அங்கேதான், மைனஸ் கண்ணில் படுகிறது, இது படாது.

அப்புறம், குடியாத்தம், ஆம்பூரிலிருந்து ரெஃபராகி வேலூர் வந்தவர்களின் தாளையும் பாருங்கள். அங்கே எடுத்த ஈசிஜியின் நேரம் உங்கள் எக்செல்லில் ஏறியிருக்கலாம். அவர்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

இன்றைய வித்தியாசத்தைப் பழைய மாதங்களுக்கும் அப்படியே போடாதீர்கள். நடுவில் யாராவது மெஷின் நேரத்தை மாற்றியிருக்கலாம். முதலில் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் கேளுங்கள்.