பெரோ முந்திய அந்த ஜூன் மாதம்: மூன்றாவது வேட்பாளர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையான ராஸ் பெரோ கருத்துக்கணிப்பில் முதலிடத்தில் இருந்தாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஜூன் மாத கேலப் கணிப்பில் பெரோவுக்கு 39 சதவீதம், பதவியில் இருந்த புஷ்ஷுக்கு 31, கிளின்டனுக்கு 25. ஐம்பது மாகாணங்களிலும் தன் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றிக் கொடுத்தால் நிற்பதாகப் பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னவர், நான்கே மாதத்தில் அந்த உயரத்துக்கு வந்துவிட்டார். பிறகு சரிவு தொடங்கியது. ஜூலை 16-ஆம் தேதி அவரே விலகிக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது. அவருக்காகத் தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கிய தொண்டர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அக்டோபர் 1-ஆம் தேதி அவர் திரும்பி வந்தபோது காலம் கடந்திருந்தது.

கேள்வி: கடைசியில் எவ்வளவு வாங்கினார்? மாகாணவாரியாகச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: நாடு முழுவதும் 18.9 சதவீதம், ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் வாக்குகள். ஆனால் மாகாணங்களின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கு ஒன்றுகூட இல்லை.

மாகாணக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. மெய்னில் 30 சதவீதம் வாங்கி, புஷ்ஷை வெறும் 316 வாக்குகளில் பின்தள்ளி இரண்டாம் இடம் பிடித்தார். யூட்டாவில் 27 சதவீதம். அங்கே மூன்றாம் இடத்துக்குப் போனவர், நாட்டையே வென்ற கிளின்டன். அலாஸ்காவில் 28. சொந்த மாகாணமான டெக்சாஸில் 22தான். கறுப்பின வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சியோடும் வெள்ளையர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியோடும் உறுதியாக நின்ற மிசிசிப்பியில் 9 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கட்சிப் பிடிப்பு தளர்ந்த இடங்களில் அவர் ஓங்கினார், இறுகிய இடங்களில் தேய்ந்தார்.

கேள்வி: இவரைவிடக் குறைவாக வாங்கிய ஜார்ஜ் வாலஸ் 1968-இல் மாகாணங்களை வென்றது எப்படி?

பதில்: ஊரெங்கும் தூறினால் ஏரி நிரம்பாது, ஒரே நீர்ப்பிடிப்பில் கொட்டினால் நிரம்பிவிடும். இனப் பிரிவினையை ஆதரித்து அரசியல் செய்த வாலஸின் வாக்கு 13.5 சதவீதம்தான். ஆனால் அது தெற்கில் குவிந்திருந்தது. அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, ஆர்கன்சா ஆகிய ஐந்தும் அவருக்குக் கிடைத்தன. வட கரோலினாவில் கட்சி மாறி வாக்களித்த ஒரு தேர்வாளரையும் சேர்த்து 46 தேர்வாளர் வாக்குகள். மாகாணத்தில் முதலில் வருபவருக்கே அத்தனை தேர்வாளர்களும் என்பதுதான் கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் விதி. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு.

கேள்வி: பெரோ நிற்காதிருந்தால் புஷ் ஜெயித்திருப்பார் என்கிறார்களே?

பதில்: வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு அப்படிச் சொல்லவில்லை. பெரோ இல்லையென்றால் புஷ்ஷுக்குப் போட்டிருப்போம் என்றவர்களும் கிளின்டனுக்கு என்றவர்களும் ஏறக்குறையச் சமம்.

கேள்வி: வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் யாருக்கும் கிடைக்காவிட்டால்?

பதில்: பிரதிநிதிகள் சபை, முதல் மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அப்போது மாகாணத்துக்கு ஒரே வாக்கு. மக்கள்தொகையில் மிகப் பெரிய கலிபோர்னியாவும் மிகச் சிறிய வயோமிங்கும் அங்கே சமம்.

கேள்வி: ஆரம்பக் கணிப்பில் ஒருவர் 20 சதவீதம் என்றால் எவ்வளவு நம்பலாம்?

பதில்: பாதி நின்றாலே பெரிது. கோடையில் ஒருவர் மூன்றாவது பெயரைச் சொல்வது, பெரும்பாலும் மற்ற இருவர் மீதுள்ள சலிப்பு. தேர்தல் நெருங்கும்போது தன் வாக்கு வீணாகுமோ என்ற அச்சம் வந்துவிடுகிறது. 1980-இல் ஜான் ஆண்டர்சன் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தார், முடிவில் 6.6. ஆகவே தேசிய எண்ணோடு நிறுத்தாமல், அவருடைய வலுவான மாகாணத்தையும் பாருங்கள். 2016-இல் கேரி ஜான்சன் முன்பு ஆளுநராக இருந்த நியூ மெக்சிகோவில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு கணிப்பு அவருக்கு 24 சதவீதம் கொடுத்தது. பெட்டியில் இருந்தது 9.3.