நேர்ச்சை, விசுவாசம், மதம்: கடற்கரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தவக்காலம் நெருங்கினாலே ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வரும் கேள்விகளில் பாதி இரட்சிப்பைச் சுற்றித்தான் இருக்கும். ஒரே தெருவில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று மூன்று வழிபாடு நடக்கிற ஊர்களில் அது இயல்புதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவர்கள் நாங்கள். படகை மந்திரிக்காமல் கடலில் இறக்க மாட்டோம். புதிதாக ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர், "விசுவாசித்தால் போதும், இதெல்லாம் வீண் சடங்கு" என்கிறார். அப்படியா? (தங்கச்சிமடம்)

அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் எபேசியர் 2:8, 9 ஆகத்தான் இருக்கும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று தொடங்கி, "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று முடிகிற வசனம். கிரியை என்றால் நாம் செய்கிற செயல். பெருமை பாராட்டுவது என்ற அந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். இதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் எதிர்ப்பது, கடவுளிடம் கணக்குக் காட்டி "எனக்கு வரவேண்டியதைக் கொடு" என்று நிற்கிற மனசை. வழிபாடே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவரும் ஞானஸ்நானம் கொடுத்தவர்தான், அப்பம் பிட்டவர்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் மாதம் விசைப்படகுகளை இறக்கும்போது, சாமியார் வலை மேலும் இன்ஜின் மேலும் தீர்த்தம் தெளிக்கிறார். "எங்களைப் பத்திரமாகக் கரை சேர்" என்று அப்போது நீங்கள் கேட்டால் அது ஜெபம். "போன வருஷம் அவ்வளவு மெழுகுவர்த்தி ஏற்றியும் இறால் படவில்லையே" என்று நினைத்தால் அது வியாபாரம். ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டும் இருக்கும், நமக்குத் தெரியாததா! இதைப் பாஸ்டருக்கும் சொல்லலாம். "இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், தசமபாகம் கொடுத்தேன், ஆசீர்வாதம் வரவில்லை" என்பதும் அதே வியாபாரம்தான், கடைதான் வேறு. இன்னும் ஒரு படி மேலே போய், "என் விசுவாசம் பெரியது, அதனால் பிழைத்தேன்" என்று சாட்சி சொல்கிறவர் விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிவிடுகிறார். பவுல் சொன்ன பெருமை அதிலும் இருக்கிறது.

எனவே திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள். அதைக் காட்டி எதையும் கேட்டு வாங்க முடியாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

பவுல் விசுவாசம் என்கிறார், யாக்கோபு கிரியை என்கிறார். பைபிளே முரண்படுகிறதே? (பாம்பன்)

இருவரும் பேசுவது வேறு வேறு ஆட்களிடம். செய்ததையெல்லாம் எண்ணிக்காட்டுகிறவரிடம் பவுல் பேசுகிறார். எதையுமே செய்யாமல் "நம்புகிறேன்" என்று உட்கார்ந்திருப்பவரிடம் யாக்கோபு பேசுகிறார். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று அவர் குத்துவது அதற்காகத்தான். கட்டத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாதவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில் அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு, அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்காமல் கிளம்புகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு சுவாரஸ்யம். இருவரும் காட்டும் சாட்சி ஒருவர்தான், ஆபிரகாம். எடுத்துக்காட்டும் வசனமும் ஒன்றே, ஆதியாகமம் 15:6. ஈசாக்கு பிறப்பதற்கு முன்பு ஆபிரகாம் வெறுங்கையோடு நம்பிய நேரத்தைப் பவுல் பிடித்துக்கொள்கிறார்; மகனைப் பலிபீடத்தில் வைத்த நேரத்தை யாக்கோபு. நடுவில் பல வருஷங்கள் ஓடிவிட்டன. விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்று சொன்ன சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு யாக்கோபின் நிருபம் (கடிதம்) பிடிக்கவில்லை. 1522-இல் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். அவர் கோபம் புரிகிறது, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நான் யாக்கோபு பக்கம்.

ஓரியூர் செம்மண்ணை எடுத்து வந்து நெற்றியில் பூசுகிறோம். இது மூடநம்பிக்கையா? (திருவாடானை)

மண் இரட்சிக்காது. கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படிச் சொல்வதில்லை. அந்த மண் யாரை நினைவூட்டுகிறது என்று பாருங்கள். அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார்; 1947-இல் புனிதர் பட்டம் பெற்றார். அந்தக் கொலைக்குக் காரணமான நிகழ்ச்சி உங்கள் கேள்விக்கே பொருந்தும். நோய் குணமான மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தேவரும் அப்படியே செய்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண் என்பதால் விவகாரம் அரண்மனைக்குப் போனது. குணமானதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. விசுவாசம் அவர் வீட்டு நடப்பையே மாற்றியதால்தான் பிரச்சினை வெடித்தது. (விலக்கப்பட்ட பெண்கள் பக்கம் நின்று இந்தக் கதையை யாரும் எழுதவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.) மண்ணைப் பூசும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்தால் நல்லது.

"கிறிஸ்தவம் மதம் அல்ல, உறவு" என்று இளைஞர் கூட்டங்களில் சொல்கிறார்கள். சரியா? (ராமநாதபுரம், கல்லூரி மாணவர்)

கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும் கூட. சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்ட் இதைவிடக் கடுமையாகவே சொன்னார்: மதம் என்பதே அவிசுவாசம், மனிதன் தன் முயற்சியால் கடவுளை எட்டிப் பிடிக்கப் பார்ப்பது. ஆனால் அந்தத் தீர்ப்பை அவர் முதலில் கிறிஸ்தவ மதத்தின் மேல்தான் வைத்தார். நம் கூட்டங்களில் அது அப்படியே தலைகீழாகிவிடுகிறது: மற்றவர்களுடையது மதம், நம்முடையது மட்டும் உறவு. லூக்கா 18-இல் "நான் மற்றவர்களைப் போல இல்லை" என்று ஜெபித்த பரிசேயனும் இதே தொனியில்தான் பேசினான். நீதிமானாக வீடு திரும்பியவன் வரி வசூலிக்கிற ஆயக்காரன். அப்புறம், ஞாயிறு ஆராதனை, பாட்டு, காணிக்கைப் பை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு "மதம் இல்லை" என்பது கொஞ்சம் வேடிக்கை.

கிருபையால் இரட்சிப்பு என்பது எங்கள் வைணவச் சரணாகதி போலவே இருக்கிறதே? (திருப்புல்லாணி)

நெருக்கம் உண்மைதான். விபீஷணன் சரணடைந்த தலம் என்று போற்றப்படும் ஊரிலிருந்து இப்படிக் கேட்பது பொருத்தம். தாயை இறுக்கிப் பிடிக்கும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிரிவுகளுக்குள் நடக்கும் விவாதத்தை லூத்தர் கேட்டிருந்தால் பூனைக் குட்டியோடு சேர்ந்திருப்பார். வேறுபாடும் உண்டு. ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து காலத்தில் நடந்த ஒரு சிலுவை மரணத்தின் மேல் கிறிஸ்தவ விசுவாசம் நிற்கிறது. சரணாகதி, கர்மமும் மறுபிறவியும் உள்ள உலகத்திலிருந்து விடுதலை கேட்கிறது.

ஈமானும் (நம்பிக்கை) அமலும் (நற்செயல்) சேர்ந்தால்தானே சொர்க்கம்? (கீழக்கரை)

இஸ்லாத்தில் இரண்டும் சேர்ந்தே பேசப்படுகின்றன. ஆனால் எவருடைய அமலும் அவரைச் சொர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றி என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளது. உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) அதைப் பற்றிக் கேளுங்கள். கிறிஸ்தவம் பிரிவது, அந்த அருள் சிலுவை வழியாக வருகிறது என்ற இடத்தில்.

அப்பா ஞானஸ்நானம் எடுக்காமலே இறந்துவிட்டார். நல்ல மனுஷர். அவர் கதி என்ன? (மூக்கையூர்)

சபைகள் இதில் ஒத்துப்போகவில்லை. கிறிஸ்துவை அறிக்கையிட்டே ஆகவேண்டும் என்பது பல சுவிசேஷ சபைகளின் நிலை. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனசாட்சிப்படி கடவுளைத் தேடியவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமே இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. உங்கள் அப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை சாவு வீட்டுக்கு வந்த எந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை.

மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ., நாங்கள் கத்தோலிக்கர். விசுவாசமா கிரியையா என்று இரண்டு வீட்டிலும் சண்டை. (மண்டபம்)

500 வருஷச் சண்டை அது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார். பிறகு மெதடிஸ்டுகளும் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன. மாதா வணக்கம், போப்பாண்டவர், நற்கருணை பற்றிய வேறுபாடுகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டுச் சண்டையின் தலைப்பு மட்டும் பழசாகிவிட்டது. கலப்புத் திருமணத்துக்குக் கத்தோலிக்கத் தரப்பில் ஆயரின் அனுமதி வேண்டும்; கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பங்குச் சாமியாரைப் பாருங்கள்.