பட்டா அவர் பேரில், பத்திரம் எங்கள் கையில்: எந்த வழக்குப் போடுவது?

கேள்வி: செஞ்சி பக்கம் ஒரு ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை. 1968-ல் தாத்தா கிரயம் வாங்கியது. இன்றுவரை நாங்கள்தான் மணிலா போடுகிறோம். போன வருஷம் ஆன்லைனில் பார்த்தால் பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பேரில் இருக்கிறது. யுடிஆரில் (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) மாறிவிட்டதாம். இப்போது அவர் "நிலம் என்னுடையது" என்று வேலி போட ஆள் கூட்டி வருகிறார், விற்கவும் பார்க்கிறார். தடை உத்தரவு கேட்டு மட்டும் வழக்குப் போட்டால் போதும், செலவும் குறைவு என்கிறார் ஊரில் ஒருவர். தாசில்தாரிடம் மனு கொடுத்தாலே தீர்ந்துவிடாதா?

பதில்: செலவு குறைவு என்பது உண்மை. போதும் என்பதுதான் தப்பு.

முதலில் தாசில்தார் விஷயம். 1979-ல் ஆரம்பித்து 80-களில் நடந்த யுடிஆரில் பேர் மாறியது, உட்பிரிவு தவறியது என்று தமிழ்நாடு முழுக்கப் புகார் உண்டு. வெறும் எழுத்துப் பிழை என்றால் வருவாய்த்துறையே திருத்தித் தரும், மனு கொடுங்கள், அதில் நஷ்டமில்லை. ஆனால் எதிராளி "நிலமே என்னுடையது" என்று நின்றுவிட்டால், உரிமை யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். 1983-ம் வருஷத்துப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் 14-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: பாதிக்கப்பட்டவர் தன் உரிமையை விளம்புகை செய்ய, அதாவது உரிமை தன்னுடையதுதான் என்று கோர்ட் அறிவிக்கக் கேட்டு வழக்குப் போடலாம், தீர்ப்புப்படி பட்டாவைத் திருத்த வேண்டும். பட்டா என்பது வரி யார் பேரில் என்பதற்கான ஆவணம்தான், அது மட்டுமே யாரையும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிடாது. (பட்டாவைப் பார்த்தே நிலம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன செய்ய.)

சரி, வழக்கு. அனுபவத்தில் தொந்தரவு செய்கிறார், ஆனால் உரிமையில் தகராறே இல்லை என்றால் வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (நீங்கள் சொல்லும் தடை உத்தரவு) கேட்டால் போதும். உங்கள் விஷயம் அப்படி இல்லை. அவர் கையில் பட்டா இருக்கிறது, உரிமையையே மறுக்கிறார். இந்த மாதிரி நேரத்தில் உரிமை விளம்புகையும் அதைத் தொடர்ந்த உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அனத்துலா சுதாகர் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடை மட்டும் கேட்டுப் போட்டு, பல வருஷம் அலைந்து, கடைசியில் "விளம்புகை கேட்கவில்லையே" என்று தள்ளுபடி வாங்கி வருகிறவர்களைக் கோர்ட் வராண்டாவில் நிறையப் பார்க்கலாம். நாளைக்கு அவர் வேலி போட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டால் சுவாதீனமும், அதாவது நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கும்படியும், சேர்த்துக் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் விளம்புகையும் கிடைக்காது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 34-வது பிரிவு அப்படி.

ஊர்க்காரர் சொன்ன செலவு, கோர்ட் கட்டணம். விளம்புகையோடு உறுத்துக்கட்டளை கேட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் பாதிக்குக் கட்ட வேண்டும், சுவாதீனமும் கேட்டால் முழு மதிப்புக்கு. 2017-க்கு முன் நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது, இப்போது 3 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

காலமும் பார்க்க வேண்டும். விளம்புகை கேட்க 3 வருஷம்தான். யுடிஆர் நடந்தபோதே காலம் போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கிளப்புவார், அதனால் உங்கள் உரிமையை அவர் எப்போது, எப்படி மறுத்தார், பட்டா விஷயம் உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதைப் பிராதிலேயே (வழக்கு மனுவிலேயே) தேதியோடு சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஆதாரம். எதிராளியிடம் பத்திரமே இல்லை என்று காட்டி ஜெயிக்க முடியாது, வாதி தன் பலத்தில்தான் நிற்க வேண்டும். 1968 கிரயப் பத்திரம், அதற்குத் தாய்ப்பத்திரம் (விற்றவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரம்), வில்லங்கச் சான்று, யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), அடங்கல் (பயிர்க் கணக்கு), பழைய கிஸ்து (நிலவரி) ரசீது எது கிடைத்தாலும் சேருங்கள். பழைய சர்வே எண்தான் இன்றைய எண் என்று காட்டுவதில்தான் பாதி வழக்கு சிக்கும். வக்கீல் கமிஷனர் (நிலத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) போடச் சொல்லிக் கேட்டு, சர்வேயரோடு போய், பத்திரத்தின் நான்கெல்லையை வைத்து அளக்கச் செய்யுங்கள். கூடவே, விற்கக் கூடாது, வேலி போடக் கூடாது என்று இடைக்காலத் தடைக்கும் மனு போடுங்கள். வழக்கு நடக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும் என்றாலும், புதிதாக ஒரு ஆள் உள்ளே வந்தால் இழுபறி கூடும்.

கேள்வி: தம்பி துபாயில். அப்பா நிலத்தை இருபது வருஷமாக நான்தான் உழுகிறேன். 12 வருஷம் தாண்டினால் எனக்கே சொந்தம் என்கிறார்களே?

பதில்: இல்லை. கூட்டுப் பங்காளி ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம்தான். தம்பிக்குப் பங்கே கிடையாது என்று அவருக்குத் தெரிய வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு 12 வருஷம் ஓடியிருக்க வேண்டும். நீங்களோ வருஷா வருஷம் அவருக்கு நெல் கொடுத்ததாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பேசி பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.