சட்டையோடு தைக்கும் ஆன்டெனா: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

செம்பனைக் குலை வெட்டுபவரின் இதயத்துடிப்பைச் சட்டையிலிருந்தே புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் துணி ஆன்டெனா பற்றி, மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்.

படிவம் ஆறு மாணவர்: ஐயா, பேட்ச் ஆன்டெனாவை என்ன அளவில் வெட்டணும்?

தம்பி, பேட்ச் என்பது ஃபெல்ட் என்ற கெட்டித் துணியின் மேல் ஒட்டும், மின்சாரம் கடத்தும் செவ்வகத் துணித்துண்டு. 3 மி.மீ. தடிப்புள்ள பாலியெஸ்டர் ஃபெல்ட்டுக்கு ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டு, மின்புலத்தில் பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்ற எண்) 1.3 என்று வைத்தால் பேட்ச்சின் அகலம் 57, நீளம் 50.6 மி.மீ. வரும். ஆனால் நீளத்தை முதலில் 53 ஆக வெட்டு. 1 மி.மீ. நறுக்கினால் அதிர்வெண் சுமார் 45 மெகாஹெர்ட்ஸ் ஏறும். அதிகம் நறுக்கிவிட்டால் ஒட்டி நீட்ட முடியாது. ஃபெல்ட்டின் பின்னால் வரும் தரைத்தளத் துணியும் மின்சாரம் கடத்துவதுதான், அது பேட்ச்சைவிட நாலு பக்கமும் 15 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், சிக்னலை உடம்பு விழுங்காமல் தடுப்பது அதுதான். கேபிளை மாட்டும் திருகு இணைப்பியான எஸ்எம்ஏ கனெக்டரின் நடு ஊசியைப் பின்னாலிருந்து ஏற்றி, நீளவாக்கில் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே பேட்ச்சில் சேர். கேபிளோடு பொருந்தும் 50 ஓம் மின்மறுப்பு அந்த இடத்தை ஒட்டித்தான் கிடைக்கும். தரைத்தளத்தில் ஊசி படாமல் 4 மி.மீ. ஓட்டை விடு.

தையல்கடைக்காரர்: சாலிடர் வைத்தால் துணி உருகுதே?

உருகத்தான் செய்யும் அக்கா. பாலியெஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகிவிடும், சாலிடர் இரும்பு அதைவிடச் சூடு. வெள்ளி கலந்த எபாக்ஸிப் பசை வையுங்கள். அது முழுதும் இறுகியபின் கனெக்டரைச் சுற்றிச் சாதா நூலால் தையுங்கள். இழுவையைத் தையல் தாங்கணும், பசை தாங்கக்கூடாது. மின்சாரம் கடத்தும் துணி செம்பு-நிக்கல் பூசியது என்றால் உள்பக்கம் பருத்தி லைனிங் கட்டாயம். நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும்.

தோட்டக் கிளினிக் தாதி: காலையில் நன்றாக வரும் சிக்னல் மதியத்தில் அறுந்து போகிறது. ஏன்?

வியர்வைதான் காரணம். தண்ணீரின் விடுதிறன் ஏறக்குறைய 80. ஃபெல்ட்டுக்குள் கொஞ்சம் இறங்கினாலே அதிர்வெண் கீழே சரியும். உப்பு வேறு சக்தியைத் தின்னும். காற்றின் ஈரத்திலிருந்து மட்டுமே சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடு உறிஞ்சும், பருத்தி 8.5, பாலியெஸ்டர் 0.4 தான். ஆனால் நனைந்தால் பாலியெஸ்டர் ஃபெல்ட்டும் இழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆன்டெனா முழுதையும் டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக் படலத்துக்குள் வைத்து, ஓரங்களைச் சூட்டால் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது கேபிள் நுழையும் வாய். அங்கே சிலிக்கோன் பூசுங்கள். சோதிக்க எளிய வழி உண்டு. எடை பாருங்கள், உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுத் துடைத்து மறுபடி பாருங்கள். எடை கூடினால் உறையைப் பிரித்து மறுபடி ஒட்டணும்.

இன்னொன்றையும் பாருங்கள்: கைப்பேசி பின்பாக்கெட்டில், ஆன்டெனா நெஞ்சில் என்றால் நடுவே முழு உடம்பும் மறிக்கும். கைப்பேசி முன்பக்கம் வரட்டும்.

குலை வெட்டுபவரின் மனைவி: நாள் முழுக்க நெஞ்சில் கிடந்தால் ஆபத்தா?

இல்லைங்க. இந்த புளூடூத் 1 மில்லிவாட் அனுப்புகிறது. அது அத்தனையும் 10 கிராம் சதைக்குள்ளேயே போனாலும் கிலோவுக்கு 0.1 வாட் தான். அனைத்துலக வரம்பு 2 வாட்.

அதே மாணவர்: மேசையில் 2.45 காட்டியது, சட்டையில் தைத்தால் மாறிவிட்டது.

மேசையில் எடுத்த அளவை நம்பாதே தம்பி. ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவியான நானோவிஎன்ஏவில் 3 கிகாஹெர்ட்ஸ் வரை போவதை எடுத்து, கேபிள் முனையில் அதன் ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று மூடிகளையும் ஒவ்வொன்றாக வைத்துக் காலிபரேட் செய். உறை போட்டு, சட்டையை ஒருவர் உடுத்திக் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கட்டும், குலை வெட்டும்போது நிற்பது போலவே. அந்த நிலையில் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னல் 2.40 முதல் 2.48 கிகாஹெர்ட்ஸ் வரை மைனஸ் 10 டெசிபெல்லுக்குக் கீழே இருக்கணும். அதிர்வெண் இதற்குக் கீழே இறங்கியிருந்தால் உறையைத் திறந்து அரை மி.மீ. நறுக்கி, மூடி, மறுபடி அள.